ஐம்பது நாள் விருந்தாளிகள்

யோக்யகார்த்தா, இந்தோனேசியா

ஜூன் மாதக் கடைசியில் யோக்யகார்த்தாவின் தெற்குச் சாலைகளில் போகும் மோட்டார் சைக்கிள்களின் பின்னிருக்கையைப் பார்த்தாலே என்ன பருவம் என்று தெரிந்துவிடும். ஒரு ரைஸ் குக்கர், சுருட்டிய பாய், ஒரு பெட்டி நூடுல்ஸ், எல்லாவற்றுக்கும் மேலே கயிறு போட்டுக் கட்டிய பல்கலைக்கழக பேனர். மாணவர்கள் கிராமத்துக்குக் குடிபோகிறார்கள். சுற்றுலா இல்லை, பாடம். முடிக்காவிட்டால் பட்டம் கிடைக்காது.

குலியா கெர்ஜா ஞாத்தா என்பது இந்தப் பாடத்தின் முழுப்பெயர். சுருக்கி ‘கா-கா-என்’ என்பார்கள். படிப்பின் பிற்பகுதிக்கு வந்துவிட்ட மாணவர் ஏறத்தாழ 50 நாள் ஒரு கிராமத்தில் தங்கி, அந்த ஊருக்குப் பயன்படுகிற வேலையைச் செய்ய வேண்டும். யோக்யகார்த்தாவின் காஜா மடா பல்கலைக்கழகத்தில் இதற்கு 3 கிரெடிட். ஆண்டுதோறும் பல ஆயிரம் பேர் கிளம்புகிறார்கள். சிலர் பக்கத்து மாவட்டத்துக்குப் போவார்கள், சிலர் கப்பலேறி மலுக்குத் தீவுகள் வரை போவார்கள்.

குழுவில் பொறியியல்-அறிவியல், வேளாண்மை, மருத்துவம், சமூகவியல்-கலை என நான்கு பிரிவிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும் என்பது காஜா மடாவின் விதி. பம்பு பொருத்தத் தெரிந்தவன், ஆட்டுக்கு ஊசி போடத் தெரிந்தவள், பல் பார்ப்பவள், சட்டம் படித்தவன் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் தூங்கி ஒரே குளியலறைக்கு வரிசையில் நிற்பார்கள். ஜாகை பெரும்பாலும் குக்கிராமத் தலைவரின் வீடு. தலைவர் ‘பாக் டுக்கு’, அவர் மனைவி ‘பு டுக்கு’. ஆவணத்தில் குழுவுக்கு வழிகாட்டும் பேராசிரியர் ஒருவர் உண்டு என்றாலும், யார் வீட்டுக்கு முதலில் போய்க் கும்பிடு போடுவது, எந்தக் கிழவரைக் கேட்காமல் எந்த மரத்தில் கை வைக்கக்கூடாது என்பதையெல்லாம் சொல்லித் தருவது பு டுக்குதான்.

இந்த 50 நாளில் காதல் முளைப்பதும் சகஜம். அதற்கு ‘சின்லோக்’ என்று தனிப்பெயரே உண்டு. பேய்க்கதைக்கும் குறைவில்லை. களப்பணிக்குப் போன மாணவர்கள் ஒரு கிராமத்தின் கட்டுப்பாட்டை மீறிச் சிக்கிக்கொள்ளும் கதை 2019-இல் ட்விட்டரில் தொடராக வந்து பரவியது. அதிலிருந்து எடுத்த படம் 2022-இல் திரைக்கு வந்தபோது, அதுவரை எந்த இந்தோனேசியப் படத்துக்கும் வராத கூட்டம் வந்தது. பாட்டி முதல் பேத்தி வரை யாராவது ஒருவர் கா-கா-என் போய்வந்த வீடுகள் நிறைந்த நாட்டில் அந்தக் கதைக்களத்தை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கா-கா-என்னின் வேர் 1951-க்குப் போகிறது. டச்சுக்காரர் போன பிறகு ஜாவாவுக்கு வெளியே உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஆசிரியரே இல்லை. பல்கலைக்கழக மாணவர்களையே ஆசிரியராக அனுப்பினால் என்ன என்று கேட்டவர்களில் ஒருவர், அப்போது சட்டம் படித்துக்கொண்டிருந்த குஸ்நாடி ஹார்ஜாசுமந்த்ரி. யோசனை சொன்னவர் தானும் கிளம்பினார். திமோர் தீவின் குப்பாங்கில் பாடம் நடத்திவிட்டுத் திரும்புகையில், கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலரைக் காஜா மடாவில் படிக்க வைக்கக் கூடவே அழைத்துவந்தார். அவர்களில் ஒருவரான அட்ரியானுஸ் மோய் பின்னாளில் இந்தோனேசிய மத்திய வங்கியின் ஆளுநரானார். குஸ்நாடி சுற்றுச்சூழல் சட்டத்தில் பேராசிரியராகி, 1986-இல் காஜா மடாவின் தலைமைப் பொறுப்புக்கும் வந்தார்.

அந்த ஆசிரியர் திட்டம் 1962-இல் நின்றது. 1971-இல் காஜா மடா, பாடாங்கின் அண்டலாஸ், மகஸ்ஸாரின் ஹசனுடின் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள் மாணவரைக் கிராமத்துக்கு அனுப்பிப் பார்த்தன. அடுத்த ஆண்டு அதிபர் சுகார்தோ இதை ஆதரித்துப் பேச, திட்டம் நாடெங்கும் பரவியது. கற்பித்தல், ஆராய்ச்சி, சமூகத் தொண்டு மூன்றும் பல்கலைக்கழகத்தின் கடமை என்பது இங்கே சட்டம். 2012-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டமும் அதையே சொல்கிறது. பேராசிரியரின் பதவி உயர்வுக் கணக்கிலும் ஊருக்குச் செய்த வேலைக்கு இடம் உண்டு.

கேலியும் கூடவே வளர்ந்திருக்கிறது. கா-கா-என் என்றதும் இந்தோனேசியர்கள் சிரித்துக்கொண்டே சொல்வது பெயர்ப்பலகை. தெருவுக்கு ஒரு பலகை, மசூதிக்கு வழிகாட்டும் அம்புக்குறிப் பலகை, மூலிகைத் தோட்டத்துக்கு ஒரு பலகை. 50 நாளில் செய்து முடித்து, படம் எடுத்து, அறிக்கையில் ஒட்ட அதைவிடச் சுலபமான வேலை வேறு கிடையாது. மாணவர் போன இரண்டாம் மழைக்குத் தோட்டம் புல் மண்டிப்போகும், பலகை மட்டும் நிற்கும். தேங்காய் எண்ணெய் சோப்பு, வாழைப்பழச் சிப்ஸ் பயிற்சிகளின் கதியும் பல ஊர்களில் இதேதான். ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம். யாரிடம் விற்பது, அடுத்த மாதம் மூலப்பொருளை யார் வாங்குவது என்று கேட்கும்போது கற்றுத்தந்தவர் ஊரில் இருக்க மாட்டார்.

கேலியில் அடங்காத இருட்டும் உண்டு. 2017-இல் செராம் தீவில் களப்பணியில் இருந்த காஜா மடா மாணவி ஒருவர், உடன் வந்த மாணவர் தன்னைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதாகச் சொன்னார். பல்கலைக்கழகம் அதைக் கையாண்ட விதத்தை 2018 நவம்பரில் மாணவர் இதழான ‘பாலைருங்’ வெளிக்கொண்டுவர, நாடே கொதித்தது. 2020-இல் காஜா மடா பாலியல் வன்முறைத் தடுப்பு விதிகளைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு நாட்டின் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்குமான அமைச்சக ஆணையும் வந்தது. 2025 பிப்ரவரி 1 அன்று தென்கிழக்கு மலுக்குவில் களப்பணி மாணவர்களின் படகு கவிழ்ந்து இருவர் இறந்தனர். இருபது வயதுப் பிள்ளைகளைத் தெரியாத கடலுக்கும் தெரியாத ஊருக்கும் அனுப்பும்போது நிறுவனம் எதற்கெல்லாம் பொறுப்பு என்ற கேள்வி அதன்பின் இன்னும் உரக்கக் கேட்கிறது.

இத்தனைக்கும் பிறகு பல்கலைக்கழகங்களின் ஊர்ப்பணியால் ஊருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், யோக்யகார்த்தாவிலிருந்து தென்கிழக்கே மலையேற வேண்டும்.

குனுங்கிடுல் மாவட்டம் சுண்ணாம்புக்கல் பூமி. மழைக்குக் குறைவில்லை. ஆனால் பெய்வதெல்லாம் பாறை இடுக்கு வழியே இறங்கிப் பாதாள ஆறுகளாக ஓடிக் கடலில் கலந்துவிடும். மேலே குளங்கள் கோடையில் வற்றும். நெல் எல்லா இடத்திலும் வராது என்பதால் மரவள்ளியை வெட்டிக் காயவைத்து மாவாக்கி அவித்த ‘திவுல்’தான் இங்கே ஏழைகளின் சோறாக இருந்தது. வறட்சி முற்றினால் ஆட்டை விற்று லாரித் தண்ணீர் வாங்குவார்கள். காலடியில் ஆறு ஓட, குடத்துக்குக் காசு.

பாங்காங் வட்டத்தில் பான்யுமெனெங் என்ற குக்கிராமத்துப் பள்ளத்தில் ஊற்று உண்டு, வீடுகள் மேட்டில். காஜா மடாவின் ஆசிரியர்களும் களப்பணி மாணவர்களும் ஊராருடன் சேர்ந்து அங்கே சூரிய மின்பம்பு அமைத்தார்கள். வெயில் இருக்கும்போது பம்பு ஓடித் தண்ணீர் மேட்டுத் தொட்டிக்கு ஏறும். அங்கிருந்து வீடுகளுக்குத் தானாக இறங்கும். டீசல் செலவு கிடையாது. ஆனால் பம்பைவிட முக்கியமானது, அதற்கு ஊரார் அமைத்துக்கொண்ட தண்ணீர்க் குழு. குழாய் வீடுகளிடம் கட்டணம் வாங்குவதும் பழுது பார்ப்பதும் அவர்கள் பொறுப்பு. ஒரு வால்வு போனால் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. இது ஒரே குழு 50 நாளில் முடித்ததும் அல்ல. ஒரு குழு அளந்தது, இன்னொன்று குழாய் போட்டது, ஆசிரியர்கள் விடாமல் வந்துகொண்டிருந்தார்கள்.

அதே மாவட்டத்தில் இன்னொரு கணக்கு மரங்களால் எழுதப்பட்டிருக்கிறது. 1960-களில் பிளாயென், பாத்துக் பகுதிகளில் மண் அரித்துப்போய்ப் பாறை தெரிந்த மொட்டை மேடுகள் இருந்தன. காஜா மடாவின் வனவியல் பேராசிரியை உமி ஹானிஇன் சுசேனோ 1964-இல் அங்கே 10 ஹெக்டேரில் தன் கைக்காசைப் போட்டு மரம் வைக்கத் தொடங்கினார். பாறையில் மரம் வளருமா என்று கேட்டார்கள். வறட்சி தாங்கும் முன்னோடி மரங்களை முதலில் வளர்த்து, அவை உதிர்த்த தழை மண்ணாக மாறிய பின் மற்ற மரங்களுக்குப் போனார். இன்று அது ‘வனகாமா’ என்ற ஏறத்தாழ 600 ஹெக்டேர் கல்விக்காடு. 1989-இல் வந்த அன்றைய பிரிட்டிஷ் இளவரசர் சார்லஸ் நட்டுவிட்டுப் போன தேக்கும் அங்கே நிற்கிறது. சுற்றுவட்டாரத்தாருக்கு அதைவிட மதிப்பான விஷயம் வேறு. கோடையிலும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் தழை அங்கே கிடைக்கிறது.

பந்துல் மாவட்டத்தின் பாடேகானில் குப்பைக்கு வங்கி இருக்கிறது. 2006 மே 27 நிலநடுக்கத்தில் ஆயிரக்கணக்கான உயிர்களைப் பறிகொடுத்த வட்டாரம் இது. இடிபாடுகளுக்கிடையே வேலை செய்ய அன்று மாணவர் படை படையாக வந்தார்கள். 2008-இல் யோக்யகார்த்தா சுகாதாரப் பாலிடெக்னிக்கின் ஆசிரியர் பம்பாங் சுவெர்டா இந்த வங்கியைத் தொடங்கினார். பிளாஸ்டிக், காகிதம், தகரம்-கண்ணாடி என வீட்டிலேயே மூன்று பையில் பிரித்து எடுத்துவர வேண்டும். காசாளர் எடை போட்டுப் பாஸ்புக்கில் எழுதுவார். பழைய பொருள் வியாபாரி வந்து வாங்கிய பின், வங்கிச் செலவுக்கு ஒரு பங்கு போக மீதி கணக்கில் ஏறும். மூன்று மாதம் கழித்துப் பணம் எடுக்கலாம். வாங்க ஆளில்லாத ஷாம்பூ, காபித்தூள் பாக்கெட்டுகளைத் தைத்துப் பையாக்கி விற்பார்கள். ‘கெமா ரிப்பா’ என்ற அந்த வங்கியைப் பார்த்து நாடெங்கும் குப்பை வங்கிகள் முளைத்தன. 2012-இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் அவற்றுக்கென விதிமுறையே வகுத்தது.

இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் நாட்கணக்கு பொருட்டில்லை, விட்டுவிடாமல் தொடர்ந்ததுதான் பொருட்டு என்று தெரிகிறது. தமிழ்நாட்டில் நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாமுக்குப் போனவர்களுக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது. கா-கா-என்னுக்கு இரண்டு ஆண்டு மூத்தது அது. காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவரோடு தொடங்கியது. முகாம் 7 நாள்தான். ஏழு நாளில் ஊரணியைத் தூர்வாரலாம், கோயில் வாசலைக் கூட்டலாம், மரக்கன்று நட்டுப் படம் எடுக்கலாம். ‘தத்தெடுத்த கிராமம்’ என்ற ஏற்பாடும் உண்டு. தத்தெடுத்த பிள்ளையை அடுத்த ஆண்டும் போய்ப் பார்த்த கல்லூரிகளுக்கும், ஆண்டுக்கொரு ஊராக மாற்றிக்கொண்டே போன கல்லூரிகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கே பான்யுமெனெங்குக்கும் பலகைக் கிராமங்களுக்கும் உள்ள வித்தியாசம்.

ஊரே மாணவரை வேலை வாங்கிய கதையும் ஒன்று உண்டு. மத்திய ஜாவாவின் கிளாத்தேன் மாவட்டத்தில் பொங்கோக் என்ற கிராமம். தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. ஊர் நடுவே ஊற்றுக் குளம், அதில் குளித்தார்கள், துவைத்தார்கள். அப்படியும் அரசின் பின்தங்கிய கிராமங்கள் பட்டியலில் ஊர் இருந்தது. 2006-இல் ஊர்த்தலைவரான ஜுனைடி முல்யோனோ காஜா மடாவின் களப்பணி மாணவரைக் கூப்பிட்டுப் பலகை எழுதச் சொல்லவில்லை. ஊரின் குறை என்ன, கையிருப்பு என்ன என்று வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்துத் தரச் சொன்னார். அந்தக் கணக்கில் குளம் முதல் சொத்தாக நின்றது. 2009-இல் கிராமத்துக்குச் சொந்தமான ‘தீர்த்தா மண்டிரி’ நிறுவனம் பிறந்தது. குளத்தைச் சுத்தம் செய்து, மீன் விட்டு, நீருக்கடியில் மோட்டார் சைக்கிளையும் நாற்காலியையும் இறக்கிவைத்தார்கள். தண்ணீருக்குள் வண்டி ஓட்டுவதுபோலப் படம் எடுத்துக்கொள்ள நகரத்து இளைஞர்கள் காசு கொடுத்து வரிசையில் நின்றார்கள். 2016-இல் நிறுவனத்தின் ஆண்டு வருமானம் 1,000 கோடி ரூபியாவைத் தாண்டியது. அன்றைய இந்தியப் பணத்தில் ஏறத்தாழ 5 கோடி.

அந்த வருமானத்திலிருந்து பொங்கோக் தன் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை கொடுக்கிறது, வீட்டுக்கு ஒரு பட்டதாரி என்பது இலக்கு. வெளியூர்க் கிராமத் தலைவர்கள் பஸ் பிடித்து வந்து இந்த நிறுவனத்தை எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்டுப் போகிறார்கள். உதவித்தொகை வாங்கிப் படிக்கும் பொங்கோக் பிள்ளைகளுக்கும் படிப்பின் பிற்பகுதியில் 50 நாள் காத்திருக்கிறது. ரைஸ் குக்கரைக் கட்டிக்கொண்டு அவர்களும் வேறு ஏதோ ஓர் ஊரின் பு டுக்கு வீட்டுக்குப் போய்ச் சேர்வார்கள். அந்த ஊர் அவர்களிடம் பலகை கேட்குமா, கணக்கு கேட்குமா என்பது அங்கே யார் தலைவர் என்பதைப் பொறுத்தது.