அல்லிச் சோறு

அல்லியைப் பற்றிப் பேச்செடுத்தால் அது நிலாவில்தான் போய் நிற்கும். பொழுது சாய விரிந்து, மறுநாள் வெயில் ஏறக் கூம்பிவிடுகிற பூவுக்கு அந்த உறவு பொருத்தம்தான். ஆனால் பூ முடிந்த பிறகு நடப்பதை யாரும் பேசுவதில்லை. எனக்கு அல்லி அங்கேதான் தொடங்குகிறது.

மூன்று நான்கு நாள் விரிந்து கூம்பிய பூ, பிறகு தலைகாட்டாது. தண்டு வளைந்து அதைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொள்ளும். காய் பருப்பதும் பழுப்பதும் நீருக்கு அடியில். பழுத்தால் வெடித்துவிடும், விதைகள் மெல்லிய சவ்வுறையோடு மிதந்து, கொஞ்ச தூரம் போய் அமிழ்ந்துபோகும். ஆக, அல்லி அரிசி வேண்டுமென்றால் காய் வெடிப்பதற்கு முன்பே குளத்தில் இறங்கித் துழாவிப் பறிக்க வேண்டும். பறித்ததை அழுகவிட்டு, அலசி, காயவைத்து, குத்திப் புடைக்க வேண்டும். விதையோ கடுகு போலச் சின்னது. ஒரு உலை சோற்றுக்கு எத்தனை காய், எத்தனை முறை தண்ணீருக்குள் குனிய வேண்டும்! இலங்கையின் வறண்ட பகுதிக் குளத்தோரக் கிராமங்களில் இதை ஓலு அரிசி என்று இன்றும் சமைக்கிறார்கள்.

நம்மிடம் இந்தச் சோறு துயரத்தின் சோறாகப் பதிவாகியிருக்கிறது. புறநானூற்றின் 248ஆம் பாட்டு ஒக்கூர் மாசாத்தனாருடையது. கணவனை இழந்த ஒருத்தி வெள்ளாம்பலை, அதாவது வெள்ளல்லியைப் பார்த்து இரங்குகிறாள். இளமையில் அது அவளுக்குத் தழையாடை. இப்போது, வேளை தவறி உண்ணும் புல்லரிசி. 280ஆம் பாட்டிலும் கைம்பெண்களின் உணவாக இதே ஆம்பல் வருகிறது. ஒரே கொடி ஒரு பெண்ணின் இடுப்பிலும் கலத்திலும் இருந்ததைச் சில அடிகளிலேயே சொல்லிவிட்ட பாட்டு மாசாத்தனாருடையது. படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அரிசியைக் குத்திய கைகள்தான் நினைவுக்கு வருகின்றன. பாட்டு அவள் இழப்பைச் சொல்கிறது. அவள் உழைப்பை நாம்தான் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் சிவகங்கைப் பக்கம் அரிசியைவிடக் கிழங்குதான் பேச்சு. கண்மாய் வற்றிச் சேறு வெடித்த பிறகும் அல்லிக்கிழங்கு உள்ளே உயிரோடு கிடக்கும். அடுத்த மழைக்கு அதிலிருந்துதான் இலை கிளம்பும். வயலில் ஒன்றும் இல்லாத கோடையில் மண்ணுக்குள் உணவு இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! "ரெண்டு தடவ தண்ணிய வடிக்கணும், இல்லேன்னா தொவர்க்கும்" என்பாள் என் அப்பத்தா. பஞ்சத்தைப் பற்றிக் கேட்டால் அவள் அழுததில்லை. கிழங்கை எப்படி வேகவைப்பது என்றுதான் சொன்னாள்.

தண்டு பிள்ளைகளுக்கு. விரற்கடைக்கு ஒன்றாக ஒடித்து, தோல் அறுபடாமல் உரித்துக்கொண்டே போனால் இருபுறமும் மணி தொங்கும் சங்கிலி ஆகிவிடும்; பூவே பதக்கம். வங்கதேசத்தில் அதே தண்டைக் கட்டுக்கட்டாகச் சந்தையில் விற்கிறார்கள், நாருரித்து இறாலோடு சமைக்கிறார்கள். வெள்ளல்லிதான் அவர்களுடைய தேசியப் பூவும். போற்றுகிற பூவையே தின்னவும் செய்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நாம் சித்த மருத்துவத்தில் தாகத்துக்கும் உடற்சூட்டுக்கும் பூவை வைத்துக்கொண்டு, சோற்றை மட்டும் ஏழ்மையின் அடையாளமாக்கி மறந்துவிட்டோம்.

இப்போது பல நீர்நிலைகளை ஆகாயத்தாமரை மூடிக்கிடக்கிறது. அதை எடுத்தே ஆக வேண்டும். தூர்வாரவும் வேண்டும். ஆனால் பொக்லைன் வண்டி அள்ளிக்கொண்டு போகிற வண்டலோடு அல்லிக்கிழங்கும் போய்விடுகிறது. அடுத்த மழைக்குக் கண்மாய் நிறையும், அல்லி முளைக்காது. ஊர்க்கூட்டத்தில் தூர்வாருவதைப் பற்றிப் பேசுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அல்லி கிடக்கிற ஓரத்தை முதலிலேயே அடையாளம் பார்த்து, அந்தப் பக்கத்து மண்ணில் கொஞ்சத்தை அள்ளாமல் விடுங்கள். அள்ளித்தான் ஆக வேண்டுமென்றால், கிழங்குகளைப் பொறுக்கி ஈரச்சேற்றில் புதைத்து வைத்து, வேலை முடிந்ததும் கரையோரம் ஊன்றிவிடுங்கள்.