கொம்பு இடம் மாறிய கடிதங்கள்

ஆண்ட்ராய்டு கைபேசியை 'ரூட்' செய்வதைப் பொழுதுபோகாத இளைஞர்களின் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. காசு கொடுத்து வாங்கிய பொருளை எதற்காக நோண்ட வேண்டும் என்று அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய பொருளில் சொந்த மொழியை வாசிக்க முடியாமல் இருந்த காலமும் ஒன்று உண்டு. அது அப்படியொன்றும் தொலைவில் இல்லை.

2012ஆம் ஆண்டைச் சொல்கிறேன். சங்கரன்கோவில் அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தென்காசி தனி மாவட்டமானது 2019இல்தான். அம்மாவின் பழைய பட்டன் கைபேசி பழுதாகிவிட்டதால், வீட்டில் மிஞ்சியது ஆண்ட்ராய்டு 2.3 ஓடும் என்னுடைய கைபேசி மட்டுமே. சிங்கப்பூரிலிருந்து அக்கா தமிழில் அனுப்பும் குறுஞ்செய்திகள் அதில் வெற்றுக் கட்டங்களாக வரிசைகட்டி நின்றன. மலிவான பட்டன் கைபேசிகள் சிலவற்றில்கூடத் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. அவற்றைவிடப் பலமடங்கு விலையுள்ள இக்கருவியில் தெரியவில்லை. தமிழில் எழுதினால் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறியீடுகளே இடம், ஆங்கிலத்துக்கு 160. அந்த எழுபதுக்குள் அவள் சுருக்கி எழுதியதெல்லாம் கட்டங்களாயின.

ஆங்கில எழுத்தில் தமிழை எழுதச் சொல்லி, நானே அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கலாம். சில நாள் அப்படித்தான் நடந்தது. ஆனால் மகள் தாய்க்கு எழுதுவதில் தம்பியின் வாய்வழியே வரக்கூடாதவையும் இருக்கும். அம்மா அதைச் சொல்லவில்லை. "தமிழ்ல வராதால?" என்று மட்டும் அவ்வப்போது கேட்டாள்.

உலாவியில் இதற்கு ஒரு குறுக்குவழி இருந்தது. ஓப்பெரா மினியின் மறைவான அமைப்புப் பக்கத்தில் ஒரு வரியை மாற்றினால், எழுத்துகளை வழங்கியே படமாக்கி அனுப்பிவிடும். அக்காலத்தில் தமிழ் வலைப்பக்கங்களைக் கைபேசியில் வாசித்தவர்களுக்கு அது நினைவிருக்கும். குறுஞ்செய்திக்கோ அந்த வசதி இல்லை. அதற்குத் தமிழ் எழுத்துரு கருவியின் 'சிஸ்டம்' பகுதிக்குள்ளேயே இருந்தாக வேண்டும். அப்பகுதியைப் படிக்கலாம், எழுத இயலாது. எழுதும் உரிமை, லினக்ஸ் மரபில் பூச்சியம் என்று எண்ணிடப்பட்ட 'ரூட்' பயனருக்கு மட்டுமே உரியது. வாங்கியவர் அவ்வீட்டில் விருந்தாளிதான்.

அந்த உரிமையைப் பெறப் பலரும் சென்ற வழி, கைபேசியின் மீட்புப் பகுதியான 'ரெக்கவரி'யை நீக்கிவிட்டு, கிளாக்வொர்க்மாட் போன்ற ஆர்வலர் ஆக்கமொன்றை அங்கே எழுதுவது. பல மாடல்களில் அதைக் கணினியிலிருந்து கம்பி வழியே எழுத வேண்டும். எழுதும்போது மின்சாரம் போனால் கருவி செத்த கல்லாகிவிடும் அபாயமும் உண்டு. 2012இல் தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே மின்வெட்டு எப்படி இருந்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் விசைத்தறிச் சத்தம் எப்போது நிற்கும், எப்போது தொடங்கும் என்று சொல்ல முடியாது. அவ்வாண்டு மார்ச்சில் இடைத்தேர்தல் வந்து போனது, மின்வெட்டு போகவில்லை. எங்கள் கணினிக்கு யுபிஎஸ் கிடையாது.

ஆகவே ரெக்கவரியைத் தொடாத வழியைத் தேர்ந்தேன். சில மாடல்களில், நிறுவனம் வைத்த ரெக்கவரியே நினைவக அட்டையிலிருந்து ஒரு ஜிப் கோப்பை ஏற்றுக்கொள்ளும். கோப்பின் கையொப்பத்தை அது சோதிக்கும். ஆனால் அந்த மாடல்களில் எல்லாருக்கும் தெரிந்த சோதனைச் சாவியையே விட்டுவைத்திருந்தார்கள். என்னுடையது அவற்றுள் ஒன்று. கணினியும் கம்பியும் வேண்டாம். மின்கலம் நிறைந்திருந்தால் போதும். கைபேசியை அணைத்து, பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி, ஒலிப் பொத்தானால் பட்டியலில் இறங்கிக் கோப்பைத் தேர்ந்தேன். அது செய்தது சிறிய வேலை: 'எஸ்யு' என்ற நிரலை உரிய இடத்தில் வைத்து, அதற்கான அனுமதியைத் தந்தது. பிறகு பழைய எழுத்துருவுக்கு ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டு, தமிழ் சேர்ந்த எழுத்துருவை அவ்விடத்தில் வைத்து, அனுமதி எண்ணை 644 ஆக்கி, மீண்டும் துவக்கினேன்.

கட்டங்கள் போயின; தமிழ் வந்தது. ஆனால் எழுத்துகளைக் கோக்கும் பொறி அந்த ஆண்ட்ராய்டில் தமிழுக்கு இல்லை. எழுத்துக்கு முன்னே நிற்கவேண்டிய கொம்பு பின்னே நின்றது. அக்கா 'பேரன்' என்று எழுதியது 'பரேன்' என்று தெரிந்தது. 'சு' என்ற எழுத்தில் சகரம் ஒருபுறமும் உகரக்குறி மறுபுறமுமாகப் பிரிந்து கிடந்தன.

அம்மா கைபேசியைக் கண்ணருகே பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "என்னல, கொம்பெல்லாம் எடம் மாறி நிக்கி?" என்றாள். பின் அவளே, "இருக்கட்டும், வாசிச்சிட்டேன்" என்றாள். என்ன வாசித்தாள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆண்ட்ராய்டு 4 வரிசைக் கைபேசிகள் பரவியபோது எழுத்துருவும் கோக்கும் பொறியும் உடன் வந்தன. பூட்டுகளும் இறுகின. சிஸ்டம் பகுதியில் ஓர் எழுத்து மாறினாலும் துவக்கத்திலேயே கண்டுபிடிக்கும் ஏற்பாடு வந்தது. அதனால் 2016இல் வெளிவந்த மேஜிஸ்க், சிஸ்டத்தைத் தொடாமல் துவக்கப் படிமத்தை மட்டும் திருத்துகிறது. இங்கும் புதிய ரெக்கவரி தேவையில்லை: கைபேசியில் உள்ள அதே பதிப்பின் படிமத்தை எடுத்து, செயலியில் திருத்தி, கணினியிலிருந்து எழுதினால் போதும். ஆனால் அதற்குமுன் துவக்கப் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்தால் கருவியில் உள்ள அனைத்தும் அழியும். வங்கிச் செயலிகள் பலவும் பிறகு ஓட மறுக்கும். செய்யத் துணிவோர் தரவைப் படியெடுத்து, மூலப் படிமத்தையும் பத்திரப்படுத்திக்கொள்வது நலம்.

எனக்கு இன்று அந்தத் தேவை இல்லை. எங்களை நினைவில் கொள்ளாமல் செய்யப்பட்ட கருவியில் எங்கள் எழுத்துக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த இடத்தைத் தருவதற்கு அதைச் செய்தவர்களே முன்வந்தபோது, ரூட் உரிமை எனக்கு வேண்டாததாயிற்று. 'ஏன் நோண்டுகிறாய்' என்று யாரையாவது கேட்கும்முன், அக்கருவியில் அவருக்கு என்ன இல்லாமற்போயிற்று என்று கேட்பதே முறை என்று எனக்குத் தோன்றுகிறது.