மானம் காத்தவர்

சேலைதான் பல பெண்களின் உயிரை எடுத்தது என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரிவதில்லை. நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொண்டால் ஓடவும் முடியாது, நீந்தவும் முடியாது, மரமேறவும் முடியாது. கடலூர் மாவட்டத்தில் சுனாமிக்குப் பலியான ஆண்கள் 146 பேர், பெண்கள் 391 பேர் என்று ஆக்ஸ்பாம் 2005-இல் கணக்குச் சொன்னது. படகு வரும் நேரம் என்று மீன் எடுக்கக் கரையில் நின்றது பெண்கள். ஆழத்தில் இருந்த ஆண்களுக்கோ அலை கடந்து போனதே தெரியவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. அதை வாய்விட்டுச் சொல்ல எங்களுக்கு வருஷங்கள் பிடித்தன. வெட்கம்.

வேளாங்கண்ணிக்கு வடக்கே எங்கள் குப்பம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அலை என்னை இழுத்துப்போய்ச் சீமைக்கருவேலப் புதரில் செருகியது. கண் விழித்தபோது உடம்பில் பொட்டுத் துணி இல்லை. தண்ணீர் வடிந்ததும் ஆண்களின் குரல் கேட்டது. "யாராச்சும் இருக்கீங்களா?" நான் வாய் திறக்கவில்லை. அடுத்த அலை வந்து கொண்டுபோகட்டும் என்று முள்ளுக்குள் இன்னும் ஒடுங்கிக்கொண்டேன். தாங்களும் அப்படிக் குரல் கொடுக்காமல் கிடந்ததாகப் பிழைத்த வேறு பெண்கள் பின்னால் சொன்னார்கள். பிழைக்காதவர்களில் எத்தனை பேரோ.

என்னைக் கண்டது எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர். கண்ட கணமே திரும்பிக்கொண்டார். இடுப்புக் கைலியை அவிழ்த்துப் பின்பக்கமாக எறிந்தார். "கட்டிக்கிட்டு வாம்மா. நான் பாக்கல." அரை டவுசரோடு முன்னால் நடந்தவர் ரோடு வரைக்கும் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டார்கள். ரோட்டோரம் பழந்துணி மலைமலையாகக் கிடந்தது. ஆனால் உள்பாவாடை வேண்டும், மாதவிடாய்க்குத் துணி வேண்டும் என்று பேர் எழுதும் ஆணிடம் எந்தப் பெண் கேட்பாள்? எனக்குத் தலையே நிமிரவில்லை. அங்கிருந்த ஆண்கள் அத்தனை பேரும் என்னை அந்தக் கோலத்தில் பார்த்தவர்கள் என்றே தோன்றும். வந்தவர்கள் எல்லாரும் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குள் தண்ணீர் ஏறாத அதிசயத்தைப் பேசினார்கள். உள்ளே இருந்தவர்கள் பிழைத்தது உண்மைதான். வெளியே மணலில் செத்தவர்களும் மாதாவைத் தேடி வந்தவர்கள்தானே? அந்த அதிசயம் எனக்கு ஆறுதல் தரவில்லை.

ஆறுதல் வேறு வழியாக வந்தது. முகாமுக்கு வந்துபோன சிஸ்டர் ஒருவரிடம், "செத்திருந்தா மானத்தோட போயிருப்பேன் சிஸ்டர்" என்றேன். அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. தொடக்க நூலின் மூன்றாம் அதிகாரத்தைக் கதையாகச் சொன்னார். ஆதாமும் ஏவாளும் தங்கள் நிர்வாணத்தை எண்ணி மரங்களுக்கிடையே ஒளிந்தார்கள். கடவுள் தேடிவந்து கூப்பிட்டார். தோட்டத்தைவிட்டு அனுப்பும் முன், தோலால் உடை செய்து தாமே உடுத்திவிட்டார். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். பழமும் பாம்பும் சாபமும் நினைவிருந்தன. அந்த உடை மட்டும் என் காதில் விழுந்ததே இல்லை. சொல்லை மீறியவர்களையே உடுத்தி அனுப்பியவர், ஒரு தப்பும் செய்யாத என்னையா முள்ளுக்குள் விட்டுவிடுவார்?

"அந்தக் கைலிய யார் அனுப்புனதுன்னு நெனக்கிற?" என்றார் சிஸ்டர். அன்றுதான் அழுதேன்.

பக்கத்துப் பாயில் படுத்திருந்த அக்காவிடம் முதலில் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் கிடந்தவள், "எனக்கும் அப்படித்தான்டி" என்றாள். பிறகு செபக்கூட்டத்தில், ஆண்களும் இருக்கும்போதே, எழுந்து நின்று சாட்சி சொன்னேன். கடவுள் மறுபடி உயிர் தந்தார் என்று எங்கள் கடற்கரையில் பலரும் சாட்சி சொல்வார்கள். எனக்கு அவர் தலை நிமிர்வையும் சேர்த்தல்லவா தந்தார்! அதற்கு எப்படி நன்றி சொல்லித் தீரும்?

2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் மகளிர் குழு நிவாரண மூட்டை கட்டியபோது, அரிசிக்கு முன்னால் புதுப் பாவாடை, நைட்டி, உள்ளாடை, நாப்கின் வாங்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். முகாமில் ஒரு பெண் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். கூப்பிட்டுவிட்டுச் சொல்ல வாய் வராமல் நின்றாள்.

"எல்லா அளவும் இருக்கு தங்கச்சி, ஒனக்குப் புடிச்சத எடுத்துக்க" என்று மூட்டையை அவள் முன்னால் பிரித்துவைத்தேன்.