கடன் வாங்கிக் கழித்தல்

மூன்றாம் வகுப்பில் 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை 35 என்று எழுதுவாள். விடை தப்புதான், ஆனால் கவனக்குறைவால் வந்த தப்பு இல்லை. 2-லிருந்து 7 போகாது என்பதால் 7-லிருந்து 2-ஐக் கழித்திருக்கிறாள். பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று நாம் சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறாள். "எப்படிப் போட்டே, சொல்லு பாப்போம்" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் அவளே சொல்லிவிடுவாள். அப்புறம் பத்துப் பத்தாகக் கட்டி வைத்திருக்கும் ஈர்க்குச்சிகளை எடுத்து, ஒரு கட்டைப் பிரித்து இரண்டு குச்சிகளோடு சேர்க்கச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு குச்சியில் ஏழை எடுத்து வைத்ததும் மிச்சத்தை எண்ணுவாள். நான் கேட்பதற்கு முன்பே 35-ஐ அழிக்க ரப்பரைத் தேடுவாள்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர் வேலையின் உயிர் இந்த ஐந்து நிமிஷத்தில் இருக்கிறது. ஆசிரியர் மன அழுத்தத்தில் இருந்தால் முதலில் பறிபோவதும் இதுதான்.

அழுத்தத்தில் இருக்கும் ஆசிரியர் பாடம் நடத்துவதை நிறுத்திவிடுவதில்லை. போர்ஷன் முடிந்திருக்கும். பாடக்குறிப்பு எழுதியிருக்கும். கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் வருகைப்பதிவு ஏறியிருக்கும். பார்வைக்கு வரும் அலுவலர் கண்ணில் குறை எதுவும் படாது. கேள்வி கேட்ட பிறகு காத்திருக்கும் நேரம் மட்டும் சுருங்கியிருக்கும். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். களைத்த மனசால் அந்த மூன்று விநாடி மௌனத்தைத் தாங்க முடியாது. கை தூக்கிய பிள்ளையிடம் விடையை வாங்கிக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். பிள்ளைகளை நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் எண்ணும் எழுத்தும் வகுப்பில் மேல்நிலையான மலரில் இருக்கும் பிள்ளை எப்படியும் படித்துவிடும். அடிநிலையான அரும்பில் இருக்கும் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைகளே அரும்பில் அதிகம் என்பதால் எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

இந்த அழுத்தம் எப்படி வருகிறது என்று சொல்கிறேன். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி; தலைமையாசிரியரான நானும் ஒரு டீச்சரும்தான். ஒருவர் கூட்டத்துக்குப் போனால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில்தான். இதோடு வாக்காளர் பட்டியல் வேலையும் உண்டு. அதற்கு ஆசிரியர்களைப் பாடவேளையில் எடுக்காமல், விடுமுறை நாட்களில் பயன்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் சொன்னது. வகுப்பைக் காப்பாற்றிய நல்ல தீர்ப்பு. ஆனால் சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் வீடு வீடாகப் படியேறிவிட்டு, திங்கட்கிழமை காலையில் வகுப்பில் நிற்பதும் அதே ஆள்தான். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது, வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக இருந்த ஆசிரியர்களிடம் ஐந்து நிமிஷம் பேசியிருந்தாலே அந்தக் களைப்பு தெரிந்திருக்கும்.

தொண்டைக்கட்டு, பிரஷர், தூக்கமில்லை என்று டாக்டரிடம் போவோம். மனசு சரியில்லை என்று போக மாட்டோம். ஊரில் பேச்சாகிவிடும் என்ற பயம். 14416 என்ற எண்ணில் 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை 2022-லிருந்து இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்கான எண்ணாக மட்டும் நினைத்துக்கொள்கிறோம். கூப்பிடுங்கள் என்று சக ஆசிரியர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன்.

எங்கள் பள்ளியில் வருகைப்பதிவு முடிந்ததும் டீச்சரின் கைபேசி அலமாரிக்குள் போய்விடும். 'மிக அவசரம்' என்று வாட்ஸ்அப்பில் வரும் படிவங்களைத் தலைமையாசிரியராக நான் மதியத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்கிறேன். என்னால் ஆனது அவ்வளவுதான். ஆனால் டீச்சர் உடைந்துபோய் நின்றாலும் மருத்துவ விடுப்பு கேட்க மாட்டார். தன் பிள்ளைகளும் என் தலையில் விழும் என்று அவருக்குத் தெரியும். நானும் அதே காரணத்துக்காக விடுப்பு எடுப்பதில்லை. விடுப்பு தொடங்கும் முதல் நாளே மாற்றுப்பணி ஆசிரியர் ஒருவரை அனுப்ப வட்டாரத்தில் ஏற்பாடு வேண்டும். அது இருந்தால் டீச்சரை நானே வீட்டுக்கு அனுப்பிவைப்பேன்.