நல்ல லோயர் ஒராள்

பொலிசார் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போன சில மணி நேரத்துக்குள் அவருடைய உறவினர்கள் தமக்குத் தெரிந்த பத்திரிகைக்காரர்களைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். எங்களால் பெரிதாக எதுவும் செய்ய இயலாது என்பது அவர்களுக்கும் தெரியும். கேட்பது ஒன்றுதான்: "நல்ல லோயர் ஒராளைச் சொல்லுங்கோ." இந்த 'நல்ல' என்ற சொல்லுக்கு அவர்கள் மனதிலுள்ள பொருள் பெரும்பாலும் கொழும்பு. புதுக்கடையில் அலுவலகம் வைத்திருப்பவர், தொலைக்காட்சியில் முகம் தெரிபவர், முடிந்தால் ஜனாதிபதி சட்டத்தரணி. அன்றிரவே ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஒரு அண்ணன் பேசுவார். "காசைப் பற்றி யோசியாதேங்கோ, பெரிய ஆளாய்ப் பிடியுங்கோ" என்பார். அந்த அன்பை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பெரிய ஆள் வந்து சேருவதற்குள் வழக்கின் பாதி நடந்து முடிந்திருக்கும் என்பதை அவருக்கு விளங்கப்படுத்துவது கடினம்.

எங்கள் பாட்டன்மார் காலத்தில் இந்தக் குழப்பம் குறைவு. பிறக்கிராசி வேறு, அப்புக்காத்து வேறு. ஊரில் இருந்தபடி முறைப்பாட்டை வாசித்து, சாட்சிகளைத் தேடி, வழக்கைக் கட்டுபவர் பிறக்கிராசி. கறுப்பு அங்கியோடு எழுந்து வாதாடுபவர் அப்புக்காத்து. 1973ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் இருவரையும் 'சட்டத்தரணி' என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவந்தது. பெயர்தான் ஒன்றாயிற்று, வேலை இன்னமும் இரண்டுதான். குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு முதல் நாளில் தேவைப்படுவது பிறக்கிராசியின் வேலை. பணம் போவதோ அப்புக்காத்தின் பெயருக்கு.

இதை நான் நூலில் படித்து எழுதவில்லை. 2012இன் பிற்பகுதியில் நானே குற்றஞ்சாட்டப்பட்டவனாக நின்றேன். வடக்கின் ஒரு நகரத்தில், காணாமற்போனோரின் உறவினர்கள் நடத்திய கவனயீர்ப்புப் போராட்டத்தைச் செய்தியாக்கப் போயிருந்தேன். ஊரின் பெயரையும் பொலிஸ் நிலையத்தின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. படம் எடுத்துக்கொண்டிருந்த என்னையும் வேறு மூவரையும் ஏற்றிச் சென்றார்கள். அரச ஊழியரின் கடமைக்குத் தடை ஏற்படுத்தியதாகக் குற்றச்சாட்டு. தண்டனைச் சட்டக்கோவையின் 183ஆம் பிரிவு, கூடியபட்சம் மூன்று மாதச் சிறை. சின்ன வழக்குத்தானே என்று வாசிப்பவர்கள் எண்ணக்கூடும். போராட்டத்துக்குப் போன பத்திரிகையாளன் பொலிசாரைத் தடுத்தான் என்று ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டால், அதன்பின் எந்த ஊரில் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அந்தத் தீர்ப்பும் கூடவே வரும். அன்றிரவு என்னை உறங்கவிடாமல் வைத்திருந்தது சிறையல்ல, அதுதான்.

கொழும்பிலிருந்து மூத்த சட்டத்தரணி ஒருவரை அனுப்புவதாக ஆசிரியர் சொல்லியிருந்தார். அவர் விடியற்காலையில் புறப்பட்டாலும் நண்பகலாகும். நீதவான் காலையிலேயே இருக்கைக்கு வந்துவிடுவார். இரவு ஒன்பது மணியளவில், யாரும் அழைக்காமலே, உள்ளூர்ச் சட்டத்தரணி ஒருவர் பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அறுபதைக் கடந்தவர். எங்கள் பிரதேச நிருபர் அவருடைய வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். வாசலிலிருந்த கான்ஸ்டபிள் காலையில் வரச் சொன்னார். அவர் குரலை உயர்த்தவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளொன்றை எடுத்து விரித்தார். சட்டத்தரணிகள் தங்கள் கட்சிக்காரருக்காகப் பொலிஸ் நிலையத்தில் தோன்றுவது பற்றி அந்த ஆண்டு மே மாதம் வெளியான வர்த்தமானி அறிவித்தலின் பிரதி அது. சிங்களத்தில் இருந்த பிரதியைத்தான் கொண்டு வந்திருந்தார் என்பதைப் பின்னர் கவனித்தேன். வாசிக்க வேண்டியவர் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

என்னிடம் கேட்ட முதற் கேள்வி, "தம்பி, வாக்குமூலம் குடுத்தாச்சோ?" என்பது. இரண்டாவது, "எந்தப் பாஷையிலை எழுதினவை?" சிங்களத்தில் எழுதியிருக்கிறார்கள், தமிழில் தந்தாலே கையெழுத்து வைப்பேன் என்று மறுத்திருக்கிறேன் என்றேன். "அது காணும்" என்று சொல்லிவிட்டு மற்ற மூவரிடமும் போனார். என்ன நடந்தது என்று அன்றிரவு அவர் எங்கள் எவரிடமும் விரிவாகக் கேட்கவில்லை. அது எனக்குச் சிறிது மனத்தாங்கலாகக்கூட இருந்தது.

மறுநாள் சரீரப் பிணையில் வெளியே வந்தோம். பிணை நிற்பதற்கு அவ்வூரில் நிரந்தர வதிவிடமுள்ள ஆட்களைக் காலை ஏழு மணிக்கே நீதிமன்ற வளவில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். கிராம அலுவலரின் சான்றிதழ்கூட அவர்கள் கையில் இருந்தது. கொழும்பு மூத்தவர் வந்து சேர்ந்தபோது நாங்கள் எதிர்க்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். நல்ல மனிதர். நிலைமையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வழக்கை அவரிடமே விட்டுவிட்டுப் போனார்.

விசாரணை ஒன்பது தவணைகள் இழுபட்டது. சாட்சியமளித்த பொலிஸ் அதிகாரி, சந்தியில் நின்றபடி, வாசலடியில் நான் ஒரு கான்ஸ்டபிளின் கையைப் பிடித்து இழுத்ததைக் கண்டதாகச் சொன்னார். குறுக்கு விசாரணையில் எங்கள் சட்டத்தரணி அந்தக் கையைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. சந்தியில் எந்த இடம், சலூனுக்கு முன்னாலா மருந்துக்கடைக்கு முன்னாலா என்று மட்டும் கேட்டார். அதிகாரி வெளிமாவட்டத்தவர், மாற்றலாகி வந்து சில மாதங்களே ஆனவர். சலூனுக்கு முன்னால் என்றார். நிச்சயமாகவா? நிச்சயமாக. அதற்குப் பிறகு பொலிசார் தாமே வரைந்து தாக்கல் செய்திருந்த வரைபடத்தை அவரிடம் கொடுத்து, சலூனை அடையாளமிடச் சொன்னார். சலூனுக்கும் வாசலுக்கும் இடையே வீதி வளைகிறது. வளைவில் ஆளுயரத்துக்கு மேலான மதில். அந்த வீதியால் முப்பது ஆண்டுகள் மோட்டார் சைக்கிளில் போய்வந்த ஒருவருக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும். புதுக்கடையிலிருந்து எவ்வளவு பெரியவர் வந்திருந்தாலும் சட்டத்தைப் பேசியிருப்பார், சலூனைப் பேசியிருக்க மாட்டார். 2014இல் நால்வரும் விடுதலையானோம்.

இதை வைத்துக்கொண்டு எல்லா வழக்குக்கும் உள்ளூர்ச் சட்டத்தரணியே போதும் என்று சொன்னால் அது பொய். சாதாரண வழக்கில், பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் சாட்சியமாகாது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அதன் 16ஆம் பிரிவின் மூலம் இதைத் தலைகீழாக்கியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்தது சாட்சியமாகும். அது பலவந்தமாகப் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் சுமையும் குற்றஞ்சாட்டப்பட்டவன் தலையில். 1993இல் மட்டக்களப்பில் பிடிபட்ட நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கு இதற்கு உதாரணம். சிங்களம் அறியாத அவருடைய ஒப்புதல் சிங்களத்தில் தட்டச்சிடப்பட்டு, அதில் அவருடைய பெருவிரல் அடையாளம் பெறப்பட்டிருந்தது. 1995இல் 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது, மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைந்தது. ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2004இல் அவருடைய உரிமைகள் மீறப்பட்டதாகக் கூறியும், 2006இல் உயர் நீதிமன்றம் அவருடைய மனுவை ஏற்கவில்லை. இத்தகைய வழக்குக்கு மேல் நீதிமன்றங்களில் ஊறிய அறிவும், பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும் பலமும் தேவை.

அச்சமும் ஒரு காரணம். அப்படிப்பட்ட வழக்கை ஏற்பவர் அதே ஊரில் பிள்ளைகளோடு குடியிருக்க வேண்டும். தலைநகரம் மட்டும் பாதுகாப்பென்று சொல்லவும் முடியாது. பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதிகளுக்காக வாதாடிவந்த குமார் பொன்னம்பலம் 2000 ஜனவரி 5ஆம் திகதி கொல்லப்பட்டது வெள்ளவத்தையில்தான். 2020 ஏப்ரலில் சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ் அதே சட்டத்தின் கீழ் கைதானார். பிணை கிடைத்தது 2022 பெப்ரவரியில். சட்டத்தரணிக்கே சட்டத்தரணி தேட வேண்டி வந்தது. எங்கள் தொழிலுக்குத் துணைநின்ற மூத்தவர் எஸ். நடேசனையே, ஒரு பத்திரிகைக் கட்டுரைக்காக 1980இல் நாடாளுமன்றச் சிறப்புரிமை மீறல் குற்றச்சாட்டில் உயர் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அவர் விடுதலையானார்.

ஆனாலும் அருகில் இருப்பதன் பெறுமதியை வேறெவரையும்விடக் கைதிகள் அறிவார்கள். 2017இல் வவுனியா மேல் நீதிமன்றத்திலிருந்து மூன்று தமிழ்க் கைதிகளின் வழக்குகள் அனுராதபுரத்துக்கு மாற்றப்பட்டபோது, மூவரும் சிறைக்குள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அவர்களுக்காக ஒக்டோபர் மாதம் வடக்கில் ஹர்த்தாலும் நடந்தது. தூரம் பெரிதில்லையே, ஒரு மணி நேரப் பயணந்தானே என்று கொழும்பில் சில நண்பர்கள் என்னிடம் கேட்டார்கள். தமிழில் நடக்கும் நீதிமன்றத்திலிருந்து சிங்களத்தில் நடக்கும் நீதிமன்றத்துக்குப் போவதை மணிக்கணக்கில் அளக்க முடியாது. மொழிபெயர்ப்பாளர் உண்டு, அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை அந்த உரிமையைத் தருகிறது. தன் சட்டத்தரணி எழுந்து பேசுவதைத் தன் காதால் கேட்டு, அவருடைய அங்கியைத் தொட்டு "சேர், அது பிழை" என்று சொல்லும் வாய்ப்பை எந்த உறுப்புரையும் தருவதில்லை.

இப்போது யாரேனும் தொலைபேசியில் கேட்டால், அந்த நீதிமன்றத்தில் நாள்தோறும் நிற்பவர் யாரென்று முதலில் விசாரிக்கச் சொல்கிறேன். பெரியவர் தேவைப்பட்டால் அவரே கூட்டிவருவார். கூட்டிவர மறுப்பவரானால் அப்போது மாற்றலாம். வெளிநாட்டு அண்ணன்மாரிடம் வேறொன்று சொல்கிறேன். காசு அனுப்புவதானால் ஒரேயடியாகப் பெருந்தொகையை ஒருவர் கையில் கொடுக்கவேண்டாம். வழக்கேட்டின் பிரதிக்கு வேண்டும். பிணை நின்றவர்கள் ஒவ்வொரு தவணைக்கும் வேலையை விட்டு வருவதற்கு வேண்டும். விளக்கமறியலில் இருப்பவரைப் பார்க்கப் போகும் மனைவியின் பஸ்ஸுக்கும், அவர் கொண்டுபோகும் சோற்றுப் பார்சலுக்கும் வேண்டும். அந்த மனைவிமார் பலர் ஐந்தாறு தவணைக்குப் பிறகு வருவதை நிறுத்திவிடுவதை நீதிமன்ற வளவில் கண்டிருக்கிறேன். விசாரித்தால் பெரும்பாலும் பஸ் காசுதான்.