கேமரா இப்போது வேண்டாம், தம்பி

ஊரப்பாக்கம்,
தை மாதக் கடைசி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தைக் கணினியில் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். திருநகர் மொட்டை மாடியில் நின்று சிம்ம ராசியின் கேலக்ஸிகளைப் பிடித்துவிட்டாய். எனக்கு ரொம்பப் பெருமையாக இருக்கிறது. ஆனால் கூடவே எழுதியிருந்தாயே, "படம் முழுக்க நாய்ஸ், இந்தக் கேமரா தேறாது, குளிரூட்டிய கேமரா வாங்கப் போகிறேன், அதுவரை ஏஐ மென்பொருளில் போட்டுத் துடைத்துக்கொள்கிறேன்" என்று, அதுதான் மனதில் உறுத்துகிறது. இரண்டையும் கொஞ்சம் தள்ளிப்போடு. அந்த நாய்ஸ் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதே.

உன் படத்தில் எம்65, எம்66 இரண்டும் நன்றாகவே விழுந்திருக்கின்றன. எம்66-இன் கை ஒரு பக்கம் இழுபட்டிருப்பதுகூடத் தெரிகிறது. மூன்றாவதைத்தான் காணோம். அவற்றுக்கு வடக்கே நமக்கு விளிம்பைக் காட்டி நிற்கும் என்ஜிசி 3628 இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள். இதற்காக மனம் தளராதே. 1780-இல் பாரிசில் சார்லஸ் மெசியே முதல் இரண்டையும் தன் பட்டியலில் சேர்த்தார். மூன்றாவது அவர் பட்டியலில் ஏறவே இல்லை. 1784-இல் வில்லியம் ஹெர்ஷல்தான் அதைக் கண்டார். அதன் மொத்த ஒளி எம்65-ஐ விட வெகுவாகக் குறைந்ததல்ல. நீளமாக விரிந்து கிடப்பதால் ஒரு பிக்சலுக்கு வந்து சேருவது சொற்பம், அவ்வளவுதான். அந்தச் சொற்பத்தை மறைப்பது பெரும்பாலும் உன் கேமரா அல்ல, ஊர் வெளிச்சம்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு நிமிடப் படத்தில் அந்த மங்கலான கேலக்ஸியிலிருந்து ஒரு பிக்சலில் 4 எலக்ட்ரான் சேர்கிறது என்று வைத்துக்கொள். அதே பிக்சலில் தெருவிளக்கும் கடைவீதியும் சேர்ந்து 400 எலக்ட்ரானைக் கொட்டுகின்றன. "அந்த 400-ஐ மென்பொருளில் கழித்துவிட்டால் போச்சு" என்பாய். சராசரியைக் கழிக்கலாம், அதன் ஏற்ற இறக்கத்தைக் கழிக்க முடியாது. ஒளி சீராக வருவதில்லை. ஒரு நிமிடம் 390 வரும், அடுத்த நிமிடம் 415 வரும். மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலம் எவ்வளவோ அவ்வளவு ஆட்டம் இருக்கும். 404-இன் வர்க்கமூலம் சுமார் 20. ஆக, உன் 4 எலக்ட்ரான் 20 எலக்ட்ரான் ஆட்டத்துக்குள் புதைந்து கிடக்கிறது. எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய கேமராவிலும் இந்த ஆட்டம் இருக்கத்தான் செய்யும், ஏனென்றால் அது ஒளியின் குணம்.

இப்போது 100 படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார். கேலக்ஸி 400 ஆகிவிடும், ஆட்டம் 200 அளவில்தான் நிற்கும். ஐந்தில் ஒன்றாக இருந்த விகிதம் இரண்டாகிவிட்டது. 400 படங்களை அடுக்கினால் நான்கு. நாலு மடங்கு நேரம் கொடுத்தால் இரண்டு மடங்கு தெளிவு கிடைக்கும், அதற்கு மேல் கிடைக்காது. வானம் இருண்ட ஊருக்குப் போனால் மட்டும் இந்தக் கணக்கு நமக்குச் சாதகமாகத் திரும்பும். ஜவ்வாது மலையில் அதே பிக்சலில் வான வெளிச்சம் 40 எலக்ட்ரான்தான் என்று வைத்துக்கொண்டால், இங்கே 100 படத்தில் வரும் தெளிவு அங்கே 11 படத்தில் வந்துவிடும். வைணு பாப்பு வானாய்வகம் அந்த மலையில் காவலூரில் இருப்பது சும்மா இல்லை.

நீ மொத்தமே முக்கால் மணி நேரம்தான் எடுத்திருக்கிறாய். நகரத்து வானத்தில் அது போதவே போதாது. ஒவ்வொரு படத்தையும் ஐந்து நிமிடம் திறந்துவைக்க வேண்டும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். நம் வெளிச்சத்துக்கு அது தேவையில்லை. ஒரு நிமிடப் படத்திலேயே வான வெளிச்சத்தின் ஆட்டம் கேமராவின் சொந்த ஆட்டத்தை விழுங்கிவிடுகிறது. அதனால் ஒரு நிமிடமே போதும், ஆனால் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் வேண்டும். ஃபில்டரும் வாங்காதே. நெபுலா ஒரு சில குறிப்பிட்ட நிறங்களில் ஒளிர்வதால் அதற்கு ஃபில்டர் உதவும். கேலக்ஸி என்பது கோடானுகோடி நட்சத்திரங்களின் கலவை ஒளி. வெள்ளை எல்இடி தெருவிளக்கும் எல்லா நிறத்திலும் பரவி நிற்கிறது. ஒன்றைத் தடுத்தால் மற்றதும் குறையும்.

குளிரூட்டிய கேமராவுக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. சென்சாரில் வெப்பத்தால் உண்டாகும் எலக்ட்ரான்கள் ஏறத்தாழ ஆறு ஏழு டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். நம் சித்திரை மாத இரவில் சாதாரண கேமராவின் சென்சார் எவ்வளவு சுடும் என்று உனக்கே தெரியும். ஆனால் அது வெப்பத்தின் பங்கை மட்டும்தான் குறைக்கும், ஊர் வெளிச்சத்தின் பங்கு அப்படியே இருக்கும். இப்போதைக்கு மூடி போட்டு எடுக்கும் டார்க் படங்களை ஒழுங்காக எடு. அதே ஐஎஸ்ஓ, அதே நேரம், அதே சூடு. வேலை முடிந்ததும் கேமராவை வீட்டுக்குள் கொண்டுபோய் மின்விசிறிக்கு அடியில் வைத்து எடுப்பதில் பயனில்லை. மாடியில், இருந்த இடத்திலேயே மூடியைப் போட்டு எடு. விடிந்ததும் லென்ஸின் மேல் வெள்ளை பனியனை இழுத்துக் கட்டி ஃபிளாட் படங்களையும் எடுத்துவிடு. தூசி வட்டங்களும் மூலை இருட்டும் அதில்தான் போகும்.

உன் படத்தில் இன்னொன்று கவனித்தேன். மூலைக்கு மூலை மழைச்சாரல் விழுந்தது போலச் சாய்வான கோடுகள் இருக்கின்றன. இது வானத்திலிருந்து வந்ததல்ல. கேமராவைத் தாங்கிச் சுழற்றும் உன் மவுண்ட் ஒரே திசையில் மெல்ல நகர்ந்துகொண்டே போயிருக்கிறது. சென்சாரின் குறைகள் இருந்த இடத்திலேயே இருக்க, நட்சத்திரங்களைப் பொருத்தி அடுக்கும்போது அந்தக் குறைகள் கோடு கோடாக இழுபட்டுவிட்டன. சில படங்களுக்கு ஒருமுறை மவுண்டை எந்தப் பக்கமாவது சில பிக்சல் தள்ளிவிட வேண்டும். டித்தரிங் என்கிற இந்தச் சின்ன வேலையை நினா மென்பொருளே செய்துவிடும், காசு கிடையாது. துருவ நட்சத்திரம் உனக்குப் பத்து டிகிரி உயரத்தில், பக்கத்து வீட்டு மாடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பதால் மவுண்டை நேராக்க முடியவில்லை என்று புலம்பியிருந்தாய். நினாவில் வானத்தில் மூன்று இடத்தைப் படமெடுத்தே துருவத்தைக் கணக்கிடும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்து.

இனி ஏஐ விஷயம். நானும் பயன்படுத்துகிறேன்; கிராஎக்ஸ்பெர்ட் இலவசமாகவே கிடைக்கிறது, நல்ல மென்பொருள். ஆனால் அது துடைத்துத் தருவதையெல்லாம் நம்பிவிடாதே. நான் செய்யும் சோதனையைச் சொல்கிறேன். எடுத்த படங்களை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று இரண்டு பாதியாகப் பிரித்து, சிரில் மென்பொருளில் தனித்தனியாக அடுக்கு. இரண்டையும் தனித்தனியாக நாய்ஸ் நீக்கு. பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். இரண்டிலும் இருப்பது வானத்தில் இருப்பது. ஒன்றில் மட்டும் இருப்பது மென்பொருள் புள்ளிகளைச் சேர்த்து வரைந்தது. போன மாசியில் எடுத்த படங்களை இப்படிப் பார்த்தபோது, ஒரு பாதியில் என்ஜிசி 3628-இன் கிழக்கு முனையிலிருந்து ஓர் இழை அழகாக நீண்டிருந்தது. அடுத்த பாதியில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அந்த கேலக்ஸிக்கு உண்மையிலேயே கிழக்கே சுமார் 3 லட்சம் ஒளியாண்டு நீளத்துக்கு நட்சத்திரங்களாலான வால் ஒன்று உண்டு. எம்66 பக்கத்தில் வந்து இழுத்ததில் உண்டானது என்கிறார்கள். வால் உண்டு, ஆனால் என் படங்களில் அது விழவில்லை. அந்தப் படத்தை யாருக்கும் காட்டாமல் அழித்துவிட்டேன். சுமார் 3.5 கோடி ஆண்டு பயணப்பட்டு வரும் ஒளியைப் பிடிக்க உட்கார்ந்திருக்கிறோம். அதில் இல்லாத ஒன்றைச் சேர்க்க நமக்கு உரிமை கிடையாது. நீக்கும் அளவைப் பாதியில் வைத்துக்கொள். கொஞ்சம் மணல் மணலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, மெழுகு பூசியது போல் ஆகிவிடக் கூடாது.

இந்த மூன்று கேலக்ஸிகளும் நமக்கு வாய்த்தவை, தம்பி. அம்மாவின் நட்சத்திரமான பூரத்தின் இரண்டு நட்சத்திரங்களில் தெற்கே இருப்பதிலிருந்து தென்கிழக்கே இரண்டரை டிகிரி தள்ளித்தான் இருக்கின்றன. ஊரப்பாக்கத்தில் அவை கிட்டத்தட்ட நேர் உச்சி வழியாகவே கடந்து போகும். உனக்கு உச்சிக்கு மூன்று டிகிரி வடக்கே. காற்றும் ஊர் வெளிச்சமும் மிகக் குறைவாக இருக்கும் இடம் உச்சி வானம்தான். ஐரோப்பாவில் இருப்பவர்கள் அவற்றைச் சாய்வாகத்தான் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் கவனம்: உச்சிக்குப் போகும்போது கேமரா முக்காலியின் காலில் இடிக்கும். இருட்டுவதற்கு முன்பே ஒருமுறை கையால் சுழற்றிப் பார்த்துவிடு. முக்காலியைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில், தெருவிளக்கு நேரே படாத பக்கமாகப் போடு. எதிர்வீட்டு மாடிப்படி விளக்கை அணைக்கச் சொல்லிக் கேட்கக் கூச்சப்படாதே. அவர்களையும் ஒருநாள் மாடிக்குக் கூப்பிட்டுக் காட்டினால் பிறகு அவர்களே அணைத்துவிடுவார்கள்.

நாளைப் பார்த்து வேலை செய். மாசி மகம், பங்குனி உத்திரம் இரண்டும் பௌர்ணமியை ஒட்டி வருபவை. அந்த நாட்களில் நிலா சிம்மத்திலும் கன்னியிலும், நம் கேலக்ஸிகளுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துவிடும். அப்போது கோயிலுக்குப் போ, கேமராவைத் தொடாதே. சிவராத்திரிதான் நமக்கான இரவு. நிலா விடியும் தறுவாயில்தான் எழும், வீட்டில் எல்லோரும் விழித்திருப்பார்கள், தூங்கச் சொல்லி யாரும் திட்டமாட்டார்கள். பூரம் கிழக்கே பாதி வானம் ஏறியதிலிருந்து மேற்கே பாதி இறங்கும் வரை ஆறு மணி நேரம் கிடைக்கும். அதை அடுத்து வரும் அமாவாசை இரவுகளையும் சேர்த்துக்கொள். எல்லா இரவின் படங்களையும் ஒன்றாக அடுக்கலாம், ஒரே இரவில் எடுத்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை.

எடுத்த ரா கோப்புகளை எதையும் துடைக்காமல், டார்க், ஃபிளாட்டோடு அப்படியே எனக்கு அனுப்பு. நானும் இங்கே அடுக்கிப் பார்க்கிறேன். அதற்குப் பிறகும் மூன்றாவது கேலக்ஸி தெரியவில்லை என்றால், கேமராவுக்கு நானே பாதிப் பணம் தருகிறேன். அதுவரை ஆர்டர் போடாதே.

அன்புடன்,
அக்கா