காவிரிக்குத் தெற்கே

வியாழன் இரவு, துறையூர்

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பாலங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. முதலில் மண்ணச்சநல்லூர் போகும் வழியில் உள்ள வாய்க்கால் பாலங்கள், அடுத்து கொள்ளிடம், காவிரி, கடைசியில் பாம்பன். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண். பயமே இல்லை என்றால் 0, இதற்குமேல் தாங்க முடியாது என்றால் 100. வாய்க்காலுக்கு 20, கொள்ளிடத்துக்கு 75 என்று எழுதியவர், பாம்பனுக்கு எதிரே 100 போட்டு அடிக்கோடும் இட்டிருக்கிறார்.

அவர் அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கும் ஆசிரியை. பெரம்பலூர், ஆத்தூர், நாமக்கல் என்று எங்கும் தனியாகவே கார் ஓட்டிப் போய் வருவார். ஆனால் ஆற்றைத் தாண்டிப் போக மட்டும் முடியாது. சில வருடங்களுக்கு முன் ஒரு மழை நாளில், கொள்ளிடப் பாலத்தின் நடுவே போக்குவரத்து நின்றுவிட்டது. முன்னும் பின்னும் லாரி. திடீரென்று நெஞ்சு படபடத்து விரல்கள் மரத்துப்போயின. தன் கையே ஸ்டியரிங்கைத் திருப்பி வண்டியைக் கைப்பிடிச் சுவரில் மோதிவிடும் என்று தோன்றியது. அதற்குப் பிறகு காவிரிக்குத் தெற்கே போக வேண்டுமென்றால் வீட்டுக்காரர் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் பஸ். காரைக்குடியில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அவர் தானே ஓட்டிப் போனதில்லை.

இந்தப் பயம் உலகம் முழுக்க இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1957-ல் திறந்த மேக்கினா பாலம் சுமார் 8 கிலோமீட்டர் நீளம். அதைக் கடக்க அஞ்சுகிறவர்கள் கேட்டுக்கொண்டால், பாலத்தின் ஊழியரே அவர்கள் வண்டியை ஓட்டி அக்கரை சேர்ப்பார். அன்பான ஏற்பாடுதான். ஆனால் அக்கரை சேர்ந்தபின் பயம் அதே அளவில் இருக்கும். கொஞ்சம் கூடியும் இருக்கலாம். தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும் என்பதில் உளவியலாளர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

ஆசிரியை திருச்சியில் ஒரு மனநல ஆலோசகரிடம் சில மாதங்களாகப் போய் வருகிறார். நோட்டில் இருக்கும் பட்டியல் அங்கே பிறந்ததுதான். இந்த முறையின் வேர் பழையது. 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவனிடம் அந்த முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்து பயத்தைத் தணித்த விதத்தைப் பதிவு செய்தார். 0 முதல் 100 வரையிலான அளவுகோலைத் தந்தவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த மருத்துவர் ஜோசப் வோல்பி.

நாளைக் காலை அந்தப் பட்டியலோடு பாம்பன் வரை தனியாக ஓட்டிப் போகப் போகிறார். "நானும் வர்றேனே, பக்கத்துல சும்மா உக்காந்திருக்கேன்" என்றார் வீட்டுக்காரர். "வேணாங்க. நீங்க இருந்தா, நீங்க இருந்ததாலதான் ஒண்ணும் ஆகலைன்னு மனசு சொல்லும்." அவர் பதில் பேசாமல் காற்று சரியாக இருக்கிறதா என்று டயர்களைப் பார்க்கப் போனார்.

வெள்ளி காலை, நம்பர் 1 டோல்கேட்

கொள்ளிடப் பாலத்துக்குச் சற்று முன்னால், ஓரமாக வண்டியை நிறுத்தி நோட்டை எடுக்கிறார். ஒவ்வொரு பாலத்துக்கும் முன்னால் இரண்டு வரி எழுதியாக வேண்டும் என்பது ஆலோசகர் சொன்ன விதி. என்ன நடக்கும் என்று மனம் சொல்கிறது? அது நடக்க எவ்வளவு வாய்ப்பு? அவர் எழுதுகிறார்: "கை தானாகத் திரும்பும். நூற்றுக்கு அறுபது."

இந்த இரண்டு வரிகளுக்குப் பின்னால் ஓர் ஆய்வு மரபு இருக்கிறது. பயம் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதைவிட, எதிர்பார்த்த விபரீதம் நடந்ததா என்று பார்ப்பதுதான் மூளைக்குப் புதிய பாடம் என்கிறார் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மிஷெல் கிராஸ்க். பழைய பயம் அழிவதில்லை. அதன் பக்கத்தில் இன்னொரு நினைவு உட்கார்ந்து அதை அடக்குகிறது. கணக்கு ஆசிரியைக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை. விடையைச் சரிபார்க்கும் வேலை அல்லவா இது!

கொள்ளிடத்தில் அவருடைய பயத்துக்கு ஒரு சாட்சியும் உண்டு. 1928-ல் கட்டிய பழைய இரும்புப் பாலம், பக்கத்தில் புதுப் பாலம் வந்தபின் வாகனங்களுக்கு மூடிக் கிடந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்தன. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்த்தவர் அவர். பயம் தனக்கு வேண்டிய ஆதாரத்தை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளும். அன்று பக்கத்திலேயே புதுப் பாலம் அசையாமல் நின்றதை அது எடுத்து வைக்கவில்லை.

வண்டி ஏறுகிறது. இடப்பக்கம் அகன்ற மணல், நாணல், நடுவே ஒரு கோடாகத் தண்ணீர். பாலத்தின் இணைப்புகளைத் தாண்டும்போதெல்லாம் டயர் 'டடக்' என்கிறது. விரல் நுனிகளில் ஊறல் தொடங்குகிறது. பயத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். அதனால்தான் விரல் மரப்பதும் தலை கிறுகிறுப்பதும். மயக்கம் வருவதற்கான அறிகுறி அல்ல அது. தெரிந்த விஷயம்தான், என்றாலும் பாலத்தின்மேல் அதை நினைவில் வைத்திருப்பது பெரிய வேலை. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுகிறார். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில். பின்னால் ஒரு தனியார் பஸ் ஹாரன் அடிக்கிறது. அவர் வேகத்தைக் கூட்டவில்லை.

திருவானைக்காவல் பக்கம் இறங்கியதும் எழுதியது: "திரும்பவில்லை."

காவிரிப் பாலத்துக்கு முன்னால் வாய்ப்பை நாற்பதாகக் குறைத்தார். அங்கும் கை திரும்பவில்லை. சத்திரம் பேருந்து நிலையத்தின் நெரிசல் அவருக்கு அன்று நிம்மதியாக இருந்தது.

புதுக்கோட்டை, திருமயம், காரைக்குடி. அக்கா வீட்டுத் தெருவைத் தாண்டியே போனார், நிற்கவில்லை. நின்றால் அங்கேயே தங்கிவிடுவோம் என்று தெரியும். தேவகோட்டைக்கு அப்புறம் கருவேல மரங்களும் கண்மாய்க் கரைகளும்தான். இரவு ராமநாதபுரத்தில் ஒரு லாட்ஜ். தூக்கம் சரியாக வரவில்லை.

சனி காலை, மண்டபம்

பாம்பன் சாலைப் பாலம் 2.345 கிலோமீட்டர். 1974-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1988 அக்டோபர் 2-ல் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். அதுவரை ராமேஸ்வரம் தீவுக்கு ரயிலில் போகலாம், இல்லையென்றால் படகில். அடியில் கப்பல்கள் போக வேண்டும் என்பதால் பாலம் நடுவில் உயர்ந்து வளைகிறது. மண்டபம் பக்கமிருந்து பார்த்தால் சாலை மேலேறி வானத்தில் முடிவதுபோல் தெரியும். அக்கரை தெரியாது. அவருடைய 100 என்ற எண் பிறந்தது அந்த வளைவில்தான்.

பக்கத்தில் ரயில் பாலங்கள். 1914-ல் திறந்த பழையது, 2025 ஏப்ரலில் திறந்த புதியது. புதியதன் நடுப்பகுதி 72.5 மீட்டர் நீளம். கப்பல் வரும்போது அப்படியே செங்குத்தாக மேலெழும். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல், தனுஷ்கோடியை நெருங்கிய பயணிகள் ரயிலை நூறுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் இழுத்துக்கொண்டது. பழைய பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவை அடித்துச் செல்லப்பட்டன. அதைச் சீரமைக்க இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரனை அனுப்பினார்கள். 46 நாளில் வேலை முடிந்தது. புயலைப் பற்றி ஆசிரியை நிறையப் படித்திருந்தார். அந்த 46 நாள்களைப் பற்றி இந்தப் பயணத்துக்காகத்தான் படித்தார்.

நோட்டில் எழுதியது: "உச்சியில் வண்டியை நிறுத்திவிடுவேன். நகர முடியாது. நூற்றுக்கு எழுபது."

டீக்கடைக்காரரிடம், "காத்து ரொம்ப அடிக்குதாண்ணே?" என்று கேட்டார். "இதெல்லாம் காத்தாம்மா? ஐப்பசி கார்த்தியில வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த டீயை ஆற்றப் போனார்.

மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் மூன்றரை நிமிடம். திடீர்ப் பதற்றமும் சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டுத் தானே இறங்கத் தொடங்கும் என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். ஏற்றத்தில் பக்கக் காற்று வண்டியை லேசாகத் தள்ளுகிறது; ஸ்டியரிங்கில் அது கைக்குத் தெரிகிறது. இடப்பக்கம் பார்க்காமல் போவதாகத்தான் திட்டம். ஆனால் பார்த்தார். வெகு கீழே பச்சை நிறத் தண்ணீர், அதில் வரிசையாகப் படகுகள். வயிற்றில் ஏதோ நழுவியது. உச்சியில் சுற்றுலா வேன் ஒன்று நின்றிருக்க, ஆட்கள் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே அவர் பிரேக் போட வேண்டியதாயிற்று. நின்றேவிட்டார். மழை நாளில் நின்றதுபோலவே, பாலத்தின் நடுவில், முன்னால் வண்டி, பின்னால் வண்டி. வாய் உலர்ந்து கழுத்தில் நாடி அடித்தது. இரண்டு மூச்சுக்குப் பிறகு இண்டிகேட்டர் போட்டு, வேனைச் சுற்றிக்கொண்டு மெதுவாக இறங்கினார்.

பாம்பன் பக்கம் நிறுத்தி எழுதியதில் கையெழுத்து கோணலாக இருக்கிறது: "நின்றேன். நகர்ந்தேன்."

பயம் எவ்வளவு என்ற கட்டத்தில் 90. பத்துதான் குறைந்திருக்கிறது. ஒருமுறை கடந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று முடியும் கதைகளை நம்ப வேண்டாம். இளைஞராக ஸ்ட்ராஸ்பர்கில் படித்தபோது ஜெர்மானியக் கவிஞர் கதே, உயரத்தின்மேல் இருந்த பயத்தைப் போக்கத் தேவாலயக் கோபுரத்தின் உச்சியில் போய் நிற்பார். ஒருமுறை ஏறியதோடு விடவில்லை. பயம் விடும்வரை திரும்பத் திரும்ப ஏறினார். ஆசிரியையும் வண்டியைத் திருப்பினார். மண்டபத்துக்கு வந்து மறுபடி பாம்பனுக்கு, மறுபடி மண்டபத்துக்கு. வெயில் ஏறுவதற்குள் கட்டத்தில் 55.

மதியம் தனுஷ்கோடிச் சாலையில் அரிச்சல்முனை வரை போனார். இரண்டு பக்கமும் கடல், ஆனால் அடியில் தரை இருக்கிறதே! அவருக்கு அது சாதாரணச் சாலை.

ஞாயிறு, காரைக்குடி

வாசலில் கார் வந்து நின்றதும் அக்கா எட்டிப் பார்த்தது டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டை. "மாப்பிள்ளை எங்கடி?"

"அவர் வரலைக்கா. நான்தான் ஓட்டிட்டு வந்தேன். ராமேஸ்வரம் போயிட்டு வர்றேன்."

அக்காவுக்கு நம்ப முடியவில்லை. பாம்பனைக் கடந்து போனாளா, திரும்பியும் வந்தாளா என்று மாற்றி மாற்றிக் கேட்டார். குழிப் பணியாரமும் காரச் சட்னியும் வந்தன. நோட்டை வாங்கிப் பார்த்தவர் எண்கள் புரியாமல் திருப்பிக் கொடுத்தார். பிறகு, தான் ரொம்ப நாளாக வேளாங்கண்ணி போக நினைத்திருப்பதாகவும், பஸ்ஸில் போனால் முட்டி தாங்காது என்றும் சொன்னார்.

"அந்த வழியில எத்தனை பாலம் இருக்குக்கா?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நீதான் பார்த்துச் சொல்லணும்."

அவர் போனில் வரைபடத்தைத் திறந்து நோட்டில் புதுப் பக்கம் ஒன்றைப் புரட்டினார்.